‘ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம்’ என்றால் இ.எஸ்.ஐ. பணம் கிடைக்குமா?

கேள்வி: பேரணாம்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் நான்கு வருடமாக அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிறேன். சம்பளம் மாதம் 12,000 ரூபாய். ஆர்டர் குறைவு என்று ஆறு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை, பாதிச் சம்பளம். இப்போது, ‘ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம், இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறார்கள். வேலை போனவர்களுக்குத் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் பணம் தருகிறார்களாமே, எனக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வாய்ப்பிருக்கிறது, சகோதரி. ஆனால் முதலில் அந்தக் காகிதத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தானாக வேலையை விட்டவருக்கு இந்த உதவி கிடையாது. ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனவருக்கும், வயது முடிந்து ஓய்வு பெற்றவருக்கும்கூடக் கிடையாது.

அடுத்து, உங்கள் நிலை என்ன என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். ‘கூப்பிடுகிறோம்’ என்பது இரண்டுங்கெட்டான் பேச்சு. வேலையில் வைத்துக்கொண்டே வேலை தராமல் இருந்தால் அது லே-ஆஃப். 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், கடந்த 12 மாதத்தில் 240 நாள் பணி உள்ள நிரந்தரத் தொழிலாளிக்கு லே-ஆஃப் நாள்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி தர வேண்டும். அதற்கு நீங்கள் தினமும் வேலை நேரத்தில் கம்பெனிக்குப் போய் முகம் காட்ட வேண்டியிருக்கும். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தந்து, முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். ராஜினாமா எழுதித் தந்தால் இதுவும் போகும். தர மறுத்தால் தொழிலாளர் நலத்துறையில் மனு கொடுக்கலாம்.

இனி நீங்கள் கேட்ட பணம். திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலையில் வந்தது. காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ‘இப்போது நடப்பில் இருக்கிறதா’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முழுதாக வேலை இழந்தவருக்கு மட்டும்தான் இது. நாள் குறைந்ததற்குத் தர மாட்டார்கள். வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாளுக்கு.

இரண்டு வருடமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது சரி. சிக்கல் 78 நாள் கணக்கில்தான் வரும். இ.எஸ்.ஐ. வருடத்தை ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டாகப் பிரிக்கிறது. வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா போயிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றிலும் அப்படியே. வாரத்துக்கு மூன்று நாள் என்று 26 வாரம் போட்டுப் பாருங்கள்: சரியாக 78! ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தாலும், பண்டிகைக்கு ஒரு வாரம் கம்பெனியை மூடியிருந்தாலும் கணக்கு இடிக்கும். பாதி வேலை கொடுத்தே ஆறு மாதம் ஓட்டுகிற கம்பெனியில் இதுதான் தொழிலாளிக்கு வருகிற நஷ்டம், யாரும் எடுத்துச் சொல்வதில்லை. லே-ஆஃப் பணம் கொடுத்து அதிலும் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அந்த நாள்களும் சேரும். அதனால் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு, மாதாமாதம் எத்தனை நாள் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சம்பளச் சீட்டுக்கும் அதற்கும் பொருந்தவில்லையென்றால், கம்பெனியோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள்.

தொகை பெரிதல்ல. கடைசி நான்கு அரையாண்டுச் சம்பளத்தைக் கூட்டி 730ஆல் வகுப்பார்கள். அதில் பாதி ஒரு நாள் உதவி. உங்களுக்கு 18 மாதம் 12,000, ஆறு மாதம் 6,000 என்று வைத்தால் மொத்தம் 2,52,000. நாளுக்குச் சுமார் 172 ரூபாய், 90 நாளுக்கு ஏறக்குறைய 15,500.

வேலை போய் 30 நாள் ஆனதும் விண்ணப்பிக்கலாம். கம்பெனி மூலம் போக வேண்டியதில்லை. இணையதளத்திலோ நேரில் கிளை அலுவலகத்திலோ நீங்களே கொடுக்கலாம். ஆதார் நகல், பாஸ்புக் நகல் வேண்டும். ஆதாரில் இருக்கிற பெயரும் இ.எஸ்.ஐ. பதிவிலுள்ள பெயரும் இனிஷியல் முதற்கொண்டு ஒன்றாக இருக்கட்டும். பொருந்தாவிட்டால் மனு திரும்பி வரலாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தருகிற மாத உதவித்தொகையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்கு; பத்தாவது தேறியவருக்கே மாதம் 300 ரூபாய்தான்.