"நீங்க சொன்னா சரிதான்" என்றால் சம்மதமா?

கேள்வி: எங்கள் நர்ஸிங் மாணவிகள் சம்மதப் படிவத்தைத் தெளிவாகப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நோயாளியோடு சேர்ந்து முடிவெடுப்பது என்பது இதுதானா? வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஆசிரியை, ராமநாதபுரம்

பதில்: இது இல்லை. கையெழுத்து, பேச்சு முடிந்த பிறகு வருவது. அந்தப் பேச்சை மருத்துவ ஆய்வாளர் க்ளின் எல்வின் குழுவினர் 2012-ல் மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். 'இதில் ஒன்றுக்கு மேல் வழி உண்டு, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்வது முதல் கட்டம். ஒவ்வொரு வழியின் நன்மை தீமையை ஒப்பிடுவது இரண்டாவது. அவருக்கு எது முக்கியம் என்று கேட்டு முடிவுக்கு வருவது மூன்றாவது. இரண்டாவதை மாணவிகள் நன்றாகவே செய்வார்கள், பாடப்புத்தகத்தில் இருக்கிறதே. விட்டுப்போவது முதலும் மூன்றும்தான்.

மும்மூன்று பேராகப் பிரியுங்கள்: நோயாளி, நர்ஸ், கவனிப்பவர். பேச 8 நிமிடம், அதை அலச 7 நிமிடம். நோயாளியாக நடிப்பவர் கையில் ஓர் அட்டை. முன்பக்கம்: 'வயது 46. பாம்பனில் விசைப்படகில் வேலை. தொடை இடுக்கில் குடலிறக்கம் (ஹெர்னியா). படுத்தால் உள்ளே போய்விடும், பெரிய வலி இல்லை. இன்று மே 24.' பின்பக்கம், கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது: 'படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் முதல் நாளே போகாவிட்டால் என் இடத்தில் வேறு ஆள் ஏறிவிடுவான்.'

பின்பக்கம் வெளியே வந்ததா என்பதுதான் தேர்வு. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மே 24-ல் மிச்சம் மூன்றே வாரம். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. மூன்று வாரத்தில் வலை இழுக்கப் போனால் சிக்கல். தொல்லை குறைவாக இருக்கும் ஆண்களுக்கு, ஆபரேஷனைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பதும் மருத்துவம் ஏற்ற வழிதான். ஆனால் வீக்கம் இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நடுக்கடலில் அப்படி ஆனால் கரைசேர எத்தனை மணி நேரம்? அதை அவர் வாயாலேயே கணக்குப்போடச் சொல்லுங்கள். பின்பக்கத்தைக் கேட்டறியாத மாணவி இதில் எதையுமே பேசியிருக்க மாட்டாள்.

கவனிப்பவர் மதிப்பெண் போட வேண்டாம். காதில் விழுந்த வாக்கியங்களை அப்படியே எழுதட்டும். "வேற சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால், "இல்லம்மா" என்பதே பதிலாக வரும். "இப்ப ஆபரேஷன் வச்சா உங்களுக்கு எது தடைபடும்?" என்று கேட்டால் முன்பணம் வெளியே வரும். "புரிஞ்சுதா?" என்பதற்குப் பதில், "வீட்ல கேட்டா என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்கப் பழக்குங்கள். அவர் சொல்வதில் பிசகு இருந்தால், நாம் சொன்ன விதத்தில் பிசகு. மறுபடி சொல்ல வேண்டும்.

கேள்வி: "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரிதான்" என்று நோயாளி சொல்லிவிட்டால்?
– மூன்றாம் ஆண்டு மாணவி, தொண்டி

பதில்: அது மரியாதையாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், உண்மையான விருப்பமாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் தலையாட்டிவிடாதீர்கள். "சொல்றேன் அண்ணே. அதுக்கு முன்னாடி, எது நடந்துடக் கூடாதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டபின் 'இதைச் செய்யலாம்' என்று சொல்வதில் தவறே இல்லை. மகன் உடன் வந்தால், "தம்பியையும் வச்சுப் பேசலாமா?" என்று நோயாளியிடமே அனுமதி கேளுங்கள். நாற்காலியை நோயாளிக்கு நேராகப் போடுங்கள். மகனைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பது எல்லோரும் செய்யும் பிழை.

கேள்வி: ஆபத்தை எண்ணில் சொன்னால் பயந்துவிடுகிறார்களே?
– வாசகர், மண்டபம்

பதில்: 'ஆபத்து பாதியாகக் குறையும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 100 பேரில் 2 பேருக்கு வருவது 1 ஆனாலும் பாதிதான், 40 பேர் 20 ஆனாலும் பாதிதான். 100 கட்டம் போட்ட தாளில் நிறமடித்துக் காட்டுங்கள். எல்லா வழிக்கும் 100 பேர் கணக்கிலேயே சொல்லுங்கள். ஒன்றை 100-லும் மற்றதை 1,000-லும் சொன்னால் குழம்பிவிடுவார்கள்.

கேள்வி: ஏர்வாடியில் களப்பணிக்குப் போகிறேன். மனநோய் உள்ளவரோடு சேர்ந்து முடிவெடுக்க முடியுமா? குடும்பம்தானே எல்லாம் சொல்கிறது?
– சமூகப்பணி மாணவர், கீழக்கரை

பதில்: முடியும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்ட ஊருக்குத்தான் நீங்கள் போகிறீர்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஒருவரின் முடிவு நமக்குத் தவறாகப் பட்டது என்பதை மட்டும் வைத்து, அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. தகவலை அவருக்குப் புரிகிற எளிய மொழியிலோ, சைகையிலோ, படத்திலோ தர வேண்டும்.

நடைமுறையில் சின்னத் தேர்விலிருந்து தொடங்குங்கள். தினமும் மாத்திரையா, மாதம் ஒரு ஊசியா? சில மருந்துகளில் உடம்பு எடை கூடும், தூக்கம் அசத்தும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, எதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்று கேளுங்கள். நோய் தீர ஏர்வாடி தர்காவில் துஆ (பிரார்த்தனை) கேட்பதை மருந்துக்கு எதிராக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். குழப்பம் அதிகமான நாளில் கேட்க வேண்டாம், தெளிந்த நாளில் போய்க் கேளுங்கள். அன்றே, மறுபடி நோய் கூடினால் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிவையுங்கள். முன்கூட்டிய அறிவுறுத்தல் என்ற பெயரில் அதே சட்டம் இந்த உரிமையைத் தருகிறது.