டிரம்ஸ் எங்கே போனது? – கடிதம்

வணக்கம் சார்,

சைமன் – கார்ஃபங்கல் என்ற அமெரிக்கப் பாடகர் ஜோடியின் முதல் ஆல்பமான ‘வெட்னஸ்டே மார்னிங், 3 ஏ.எம்.’ இசைத்தட்டைப் பழைய ரெக்கார்டு விற்பவர் ஒருவரிடம் வாங்கினேன். 1964ஆம் வருடத்து முதல் பதிப்பு என்று சொல்லி நல்ல விலை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து போட்டால் ஏமாற்றம். ‘சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ பாட்டில் டிரம்ஸே இல்லை, ஏதோ ஒத்திகையைப் பதிந்து வைத்ததுபோல் இருக்கிறது. போதாததற்கு அந்தப் பாட்டில் மட்டும் ‘ஸ்’ வருகிற இடமெல்லாம் சீறுகிறது. பாதிக்கு மேல் அவர்கள் எழுதாத பாட்டுகள். ‘ஹி வாஸ் மை பிரதர்’ மட்டும் மனதைத் தொட்டது, மிசிசிப்பியில் கொல்லப்பட்ட நண்பனுக்காக சைமன் எழுதியது என்று தெரிந்திருந்ததால். தட்டு பழுதா, ஆல்பமே இப்படித்தானா? தட்டின் நடுவில் ஒட்டிய லேபிள் சிவப்பு நிறம், ஓரத்தைச் சுற்றிப் பொன்னிறத்தில் ‘கொலம்பியா’ என்று கம்பெனிப் பெயர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

விலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களிடம் இருப்பது எழுபதுகளின் லேபிள். 1964இல் வந்த தட்டில் லேபிளின் இடமும் வலமும் கண் போன்ற சின்னம் இருக்கும், சேகரிப்பவர்கள் ‘டூ ஐ’ (இரு கண்) என்பார்கள். முதல் பதிப்பு எளிதில் கிடைக்கவும் கிடைக்காது. அந்த அக்டோபரில் வெளிவந்தபோது மூவாயிரம் தட்டு அளவுக்குத்தான் விற்றது என்பார்கள். பீட்டில்ஸ் அலையில் அமெரிக்காவே மூழ்கிக் கிடந்த வருடம் அது. கோட்டும் டையும் போட்ட இரண்டு பையன்கள் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் நிற்கும் உறையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? விற்றவர் உங்களை ஏமாற்றினாரா, அவருக்கே தெரியாதா என்பது அவர் மனசாட்சிக்கு. என்னிடம் இருப்பதும் பின்னால் வந்த பதிப்புதான், நானும் அதை முதல் பதிப்பு என்று நம்பித்தான் வாங்கினேன்.

சீறல் கதை வேறு. இந்தத் தட்டில் ‘சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற கணக்கில்தான் எப்போதும் சுற்றும். ஆனால் வெளி ஓரத்தில் ஒரு சுற்றுக்கு ஊசி ஓடும் தூரம் 90 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், லேபிளை ஒட்டி வந்துவிட்டால் 40க்கும் கீழ். ஒரு சுற்று என்பது 1.8 விநாடி. ஓரத்தில் கைகால் நீட்டிப் படுத்திருந்த அதே 1.8 விநாடிச் சத்தம் உள்ளே வரும்போது பாதிக்கும் குறைவான இடத்தில் சுருண்டு கிடக்கிறது. ‘ஸ்’ போன்ற மெல்லிய கூர்மையான ஒலிகளுக்குப் பள்ளத்தின் நெளிவுகள் மிகச் சிறியவை. தேய்ந்த ஊசியோ, கோணம் சரியில்லாத ஊசியோ அங்கேதான் தடுமாறும். தலைப்பிலேயே ‘ஸ்’ குவிந்த பாட்டைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறார்கள்! ஆனால் இந்தப் பக்கம் மொத்தமே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், லேபிளை முட்டும்வரை பள்ளம் போவதில்லை. அதனால் தட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் ஊசியைப் பாருங்கள். தூசி தட்டி, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று அளந்துவிட்டு மறுபடி போடுங்கள்.

சரி, டிரம்ஸ். உங்கள் காதில் இருப்பது 1965இன் பாட்டு. இந்த ஆல்பம் 1964 மார்ச்சில் பதிவானது. அப்போது இருவருக்கும் 22 வயது. ஆல்பம் விழுந்ததும் ஜோடியும் கலைந்தது. சைமன் இங்கிலாந்துக்குப் போய்ச் சின்னச் சின்னக் கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்தார், கார்ஃபங்கல் படிப்புக்குத் திரும்பினார். 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன் அந்தப் பழைய பதிவை எடுத்து, அதன் மேலேயே எலக்ட்ரிக் கிடார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஏற்றினார். பாடியவர்கள் இரண்டு பேருக்கும் தகவல் கிடையாது. அந்தப் பதிப்புதான் 1966இன் முதல் நாளில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. அதன் சூட்டில் இந்த ஆல்பத்தையும் மறுபடி கடைக்கு அனுப்பினார்கள், 30ஆவது இடம் வரைக்கும் ஏறியது.

ஆக, நீங்கள் ஒத்திகை என்று நினைத்ததுதான் மூலம். அடுத்த முறை டிரம்ஸ் பதிப்பைக் கேட்கும்போது தாளத்தை மட்டும் கவனியுங்கள். மூலத்தில் இருவரும் கடிகாரம் பார்த்துப் பாடவில்லை, சொல்லுக்கு ஏற்பக் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் முந்திப் பாடியிருக்கிறார்கள். அந்த நடைக்குப் பின்னால் டிரம்ஸ்காரர் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் அவர் காலை இழுத்து, குரல்கள் வந்து சேரக் காத்திருப்பது தெரியும். ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் விடாது.

என் கட்சி இதுதான்: அந்தப் பாட்டின் சரியான இடம் இந்தத் தட்டின் முதல் பக்கத்து முடிவு. அதற்கு முந்தின பாட்டு ‘பெனடிக்டஸ்’. 16ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் லாசஸின் தேவாலய இசையிலிருந்து எடுத்தது, லத்தீன் மொழி. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த இரண்டு யூதப் பையன்கள் ஏன் லத்தீன் ஜெபம் பாடினார்கள் என்று எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. ஆனால் இரண்டு குரலும் ஒன்றையொன்று சுற்றி மேலே போய் அடங்கியதும், ஊசி சில விநாடி வெறும் பள்ளத்தில் ஓடும். அந்த லேசான கொரகொரப்புக்குள்ளிருந்து சைமனின் கிடார் தனியாக, ஒவ்வொரு தந்தியாக எழும்பி வரும். இருட்டை நண்பனே என்று விளிக்கும் முதல் வரி அப்போது புகார் போலக் கேட்காது, ஜெபத்தின் மிச்சம் போலக் கேட்கும். பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு கிடையாது. நீங்கள் எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். போனில் கேட்டால் மூச்சு விடுவதற்குள் ‘ஹி வாஸ் மை பிரதர்’ தொடங்கிவிடுகிறது.

அந்தப் பாட்டைப் பற்றி ஒரு திருத்தம். ஆண்ட்ரூ குட்மன் சைமனின் கல்லூரித் தோழர்தான், மிசிசிப்பியில் கொல்லப்பட்டதும் உண்மைதான். ஆனால் அது 1964 ஜூன் 21. பாட்டு அதற்கு முன்பே எழுதி, மார்ச்சிலேயே பதிவாகிவிட்டது. அமெரிக்காவின் தெற்கே கறுப்பர்களின் உரிமைக்காகப் போய்ச் செத்த யாரோ ஒருவனை நினைத்துப் பாடியது, மூன்று மாதத்தில் தன்னோடு படித்தவன் கதையாகிவிட்டது. தட்டு அக்டோபரில் கடைக்கு வந்தபோது சைமனுக்கே அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்! நண்பனுக்காக எழுதியது என்பதைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்குகிறது.

மற்றபடி ஆல்பம் முழுக்கத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டில் ஐந்துதான் சைமன் எழுதியது. பாப் டிலனின் ‘தி டைம்ஸ் தே ஆர் எ-சேஞ்சின்’ பாட்டை இவர்கள் பாடும்போது, கலகக்காரன் தலையைப் படிய வாரி ஆண்டு விழாவுக்கு அனுப்பியதுபோல் இருக்கும். ‘பெகி-ஓ’ வந்தால் நான் காபி போடப் போய்விடுவேன். ஆனால் ‘ப்ளீக்கர் ஸ்ட்ரீட்’டில் முப்பது டாலர் வாடகை என்ற ஒற்றைத் தகவல் அந்தத் தெருவையே கண்முன் நிறுத்துகிறது. கடைசியில் வரும் தலைப்புப் பாட்டு ஒரு திருடன் பாடுவது. மதுக்கடையில் இருபத்தைந்து டாலரும் கொஞ்சம் சில்லறையும் திருடிவிட்டு, விடிவதற்குள் ஓட வேண்டியவன், தூங்கும் காதலியின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவு மென்மையாகப் பாடுவதால் முதல் முறை திருட்டே நம் காதில் விழாது. அடுத்த ஆல்பத்தில் சைமன் இதையே வேகமாக்கி, வேறு தலைப்பில் போட்டார். எனக்கு இதுதான் பிடிக்கும்.

உறையின் பின்பக்கக் குறிப்பையும் படித்துவிடுங்கள், எழுதியவர் கார்ஃபங்கலேதான். பொடி எழுத்து, கண்ணாடி தேவைப்படும். ஊசியைச் சரி பார்த்த பிறகும் சீறினால் எழுதுங்கள். வேறு தட்டு தேடலாம், இந்தமுறை லேபிளைப் பார்த்து.

அன்புடன்