கான்சர்டினா கற்க ஆசை; எந்த வகையை வாங்குவது?

கேள்வி: நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். மேடைக் கனவு எதுவும் இல்லை, எனக்காக வாசித்துக்கொண்டால் போதும். இரு கைகளிலும் பிடித்து வாசிக்கும் சிறு துருத்தி வாத்தியமான கான்சர்டினாவில் எந்த வகை வாங்கலாம்? பழைய கருவியை வாங்கலாமா? ஆசிரியர் இல்லாமல் கற்க முடியுமா?

பதில்:

நான் வாங்கிய முதல் கான்சர்டினா சிவப்பாக, பளபளவென்று, மிட்டாய் டப்பா போல இருந்தது. இருபது பொத்தான்கள். மூன்றாவது வாரத்தில் இடப்பக்கப் பொத்தான் ஒன்று உள்ளே போனது, வெளியே வரவில்லை. அதன் பிறகு துருத்தியை அசைத்தாலே அந்த ஒற்றைப் பொத்தான் தாயைத் தொலைத்த கன்றுபோலக் கத்தத் தொடங்கிவிடும். ஒரு விரலால் அதை நெம்பிப் பிடித்தபடியே மற்ற விரல்களால் வாசித்து ஏழெட்டு மாதம் ஓட்டினேன். நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆனால் மலிவான கருவியை வாங்கியதைவிட, எனக்குப் பொருந்தாத வகையை வாங்கியதுதான் பெரிய பிழை. கடையில் கான்சர்டினா என்ற ஒரே பெயரில் கிடைப்பவை உண்மையில் மூன்று வெவ்வேறு கருவிகள். இருபுறமும் பெரும்பாலும் அறுகோணப் பலகை, நடுவே துருத்தி, உள்ளே ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற உலோக நாக்குகள்: இவை மூன்றுக்கும் பொது. பொத்தான்களின் வரிசையமைப்பு மட்டும் வேறு. ஒன்றில் சரளமாக ஓடும் விரல்கள் இன்னொன்றில் மழலை பேசும். எனவே எந்த நிறுவனம், எத்தனை மடிப்புத் துருத்தி என்றெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் வகையை முடிவு செய்யுங்கள்.

முதலில் ஆங்கிலோ. இதில் ஒரே பொத்தான், துருத்தியைத் தள்ளினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறு ஸ்வரம் தரும். மௌத் ஆர்கன் வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. பரவலாகக் கிடைக்கும் சி/ஜி ஆங்கிலோவில் (ஒரு வரிசை மேற்கத்திய சி சுருதியில், இன்னொன்று ஜி சுருதியில்) சி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். சி-யையே ச என்று வைத்துக்கொள்வோம். இடக்கையில் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது பொத்தான்: தள்ளினால் ச, இழுத்தால் ரி. நான்காவது: தள்ளினால் க, இழுத்தால் ம. ஐந்தாவது: தள்ளினால் ப, இழுத்தால் த. தள்ளு, இழு, தள்ளு, இழு என்று கை ஊஞ்சல் ஆடப் பழகிவிடும். அடுத்தது தள்ளுவதுதானே? அங்கேதான் இடறும். வலக்கையின் முதல் பொத்தானில் நி இருப்பது இழுப்பில், மேல் ச இருப்பது தள்ளலில். ஆக, த, நி இரண்டும் அடுத்தடுத்து இழுப்பு. அந்த ஓரிடத்தில் நான் ஒரு வாரம் தடுக்கி விழுந்துகொண்டிருந்தேன்.

இப்படிக் காற்றுத் திசை மாறிக்கொண்டே இருப்பதால் இசையில் தானாகவே ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்து நடன மெட்டுகளுக்கும், தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் இசைக்கும் இந்த வகை பிடித்துப்போனதில் வியப்பில்லை. இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஹெடிங்டன் என்ற ஊரில் மாரிஸ் என்ற நாட்டுப்புற நடனக் குழுவுக்கு வில்லியம் கிம்பர் வாசித்ததும் ஆங்கிலோதான். அதைத் தற்செயலாகக் கேட்ட செசில் ஷார்ப், பிறகு இங்கிலாந்தின் நாட்டுப்புற இசையைத் தேடித் தேடித் தொகுத்தார்.

இரண்டாவது இங்கிலீஷ் கான்சர்டினா. தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே ஸ்வரம். ஆனால் ஸ்வரங்கள் இரண்டு கைகளுக்கும் பங்கு பிரிக்கப்பட்டிருக்கும்: ச இடக்கை, ரி வலக்கை, க இடக்கை, ம வலக்கை. ஐந்து கோட்டு மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் ஓர் அழகு தெரியும். கோட்டின் மேல் அமரும் ஸ்வரங்கள் எல்லாம் இடக்கைக்கு, கோடுகளின் இடைவெளியில் வருபவை வலக்கைக்கு. தாளைப் பார்த்தாலே எந்தக் கை என்று தெரிந்துவிடும். வழக்கமான 48 பொத்தான் கருவியில் எல்லா அரை ஸ்வரங்களும் இருப்பதால் எந்தச் சுருதியிலிருந்தும் வாசிக்கலாம்.

இதை உருவாக்கியவர் பள்ளி இயற்பியலில் நம்மைப் பாடாய்ப்படுத்திய அதே சார்லஸ் வீட்ஸ்டன்தான். மின்தடையை அளக்கும் வீட்ஸ்டன் சமனச்சுற்று நினைவிருக்கிறதா? அவர் குடும்பத் தொழில் இசைக்கருவி செய்வது. 1829-லேயே இதற்கு அடிப்படையான காப்புரிமை ஒன்றைப் பெற்றார், 1844-இல் கான்சர்டினாவுக்கென்றே இன்னொன்று. இதற்கிடையில் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃபிரீட்ரிக் ஊலிக் என்பவர் 1834-இல், தள்ளினால் ஒன்று இழுத்தால் ஒன்று என்ற வகையைச் செய்தார். அந்த ஜெர்மன் பொத்தான் அமைப்பை இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் பாணிப் பெட்டிக்குள் வைத்துச் செய்ததே ஆங்கிலோ. இந்தக் கதை தெரியாமல் பழைய கருவி விற்பவர்கள் பலர், இங்கிலாந்தில் செய்தது என்பதற்காக ஆங்கிலோவுக்கும் 'இங்கிலீஷ் கான்சர்டினா' என்று விளம்பரம் எழுதிவிடுகிறார்கள். படத்தைப் பாருங்கள். கைக்குக் குறுக்கே தோல்பட்டை ஓடினால் அநேகமாக ஆங்கிலோ அல்லது டூயட். கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு சிறு வளையமும், சுண்டுவிரல் தாங்க ஓர் உலோகத் தகடும் இருந்தால் இங்கிலீஷ்.

மூன்றாவது டூயட்: கீழ் ஸ்வரங்கள் இடக்கையில், மேல் ஸ்வரங்கள் வலக்கையில், பியானோ போல. இதற்குள்ளேயே மக்கான், கிரேன், ஹேடன் என்று அமைப்புகள் பிரிகின்றன. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 'டிரையம்ஃப்' என்ற பெயரில் வாசித்தது கிரேன். ஹேடனில் ஒரு சுருதியில் கற்ற விரலமைப்பு மற்ற சுருதிகளுக்கும் அப்படியே பொருந்தும். எனக்கு டூயட்டில் பழக்கம் குறைவு. வலக்கையில் மெட்டும் இடக்கையில் துணையும் தனித்தனியாக வேண்டும் என்பவர்கள் மட்டும் இந்தப் பக்கம் போகலாம்.

உங்களுக்கு எது? சிறுவயதில் நான்கைந்து ஆண்டு வயலின் கற்றவன் நான். ஒரு ஸ்வரம் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று என் மூளை பிடிவாதம் பிடிக்கும். இரண்டு ஆண்டு ஆங்கிலோவோடு மல்லுக்கட்டிய பிறகு, நண்பரின் இங்கிலீஷ் கான்சர்டினாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கினேன். மாலைக்குள் இரண்டு மெட்டுகள் தடுமாற்றமில்லாமல் வந்துவிட்டன. அந்த நண்பரோ எழுதியதைப் பார்த்து வாசிக்க மாட்டார், ஒருமுறை கேட்டால் போதும். என் பழைய ஆங்கிலோவை மடியில் வைத்துக்கொண்டு காலால் தாளம் போட்டபடி அவர் வாசித்ததைக் கேட்டபோது, அது என்னிடம் இத்தனை நாள் ஊமையாகத்தான் கிடந்திருக்கிறது என்று தெரிந்தது. கேட்டு வாசிப்பவர், நடன மெட்டு பிடிக்கும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பவர்: ஆங்கிலோ. குறிப்பைப் பார்த்து வாசிப்பவர், பலவகை இசையை ஒற்றை மெட்டாக வாசிக்க விரும்புபவர், பாடகரின் சுருதிக்கு ஏற்ப மாற வேண்டியவர்: இங்கிலீஷ். முடிந்தால் இரண்டையும் அரைமணி நேரமாவது கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எந்த வகையிலும் நாக்கு வளையாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போக முடியாது. கமகத்துக்காக ஏங்குபவர் வயலின் பக்கம் போவதே நல்லது.

ஆங்கிலோ என்றால் இருபது பொத்தான் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அதில் இரண்டு வரிசை, இரண்டு சுருதி, அவ்வளவே. அயர்லாந்து மெட்டுகளில் பாதி டி சுருதியில் இருக்கும். அதற்கு வேண்டிய சி ஷார்ப், முப்பது பொத்தான் கருவியின் மூன்றாவது வரிசையில்தான் வருகிறது. தொடக்கநிலைக்கென்றே செய்யப்படும் ரோஷெல் (முப்பது பொத்தான் ஆங்கிலோ), ஜாக்கி (முப்பது பொத்தான் இங்கிலீஷ்), எலிஸ் (34 பொத்தான் ஹேடன் டூயட்) ஆகியவை கொஞ்சம் பருமனானவை, அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் பொத்தான் ஒழுங்காக எழும்பும், காற்று ஒழுகாது. தொடங்குபவருக்கு வேறென்ன வேண்டும்? அதற்கு மேல்படியில் அக்கார்டியன் நாக்குகள் பொருத்திய கலப்புக் கருவிகள். விரலுக்கு வேகமாக ஈடுகொடுக்கும், ஒலியில் மட்டும் லேசான அக்கார்டியன் சாயல். உச்சியில், ஒவ்வொரு நாக்கையும் தனித்தனிப் பித்தளைச் சட்டத்தில் பொருத்திப் பழைய முறையில் செய்பவை. விலை பலமடங்கு ஏறும், செய்பவரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கவும் வேண்டும்.

பழைய கருவியைத் தாராளமாக வாங்கலாம், கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டால். வீட்ஸ்டன், லாஷெனல், ஜெஃப்ரிஸ், கிராப் என்ற தயாரிப்பாளர் பெயர்கள் மதிப்புள்ளவை. எனினும் பெயரைவிட இப்போதைய நிலைமையே முக்கியம். ஒரு பக்கத்தைப் பிடித்து, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், மறுபக்கத்தைத் தொங்கவிடுங்கள். துருத்தி மெல்ல மெல்லத் திறந்தால் நல்லது. பொத்தென்று விழுந்தால் எங்கேயோ ஓட்டை. பிறகு ஒவ்வொரு பொத்தானையும் தள்ளலிலும் இழுப்பிலும் தனித்தனியாக வாசித்துக் கேளுங்கள். அலுப்பாக இருக்கும், விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. சுருதியையும் சரிபாருங்கள். பழையவற்றில் பல இன்றைய பொது அளவான 440 ஹெர்ட்ஸைவிட உயர்ந்த சுருதியில் இருக்கும். தனியே வாசிக்கத் தடையில்லை, ஆனால் மற்றவர்களோடு சேர்ந்தால் காது கூசும். அதை மாற்ற ஒவ்வொரு நாக்கையும் அரம் கொண்டு ராவ வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. நாக்கு எஃகா, பித்தளையா என்றும் கேளுங்கள். பித்தளை மென்மையாக ஒலிக்கும், ஆனால் எஃகு அளவுக்குச் சுருதி தாங்காது.

வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனைகளையும் காற்றில் பிடித்துக்கொண்டு போராட வேண்டாம். உட்கார்ந்து, ஒரு முனையைத் தொடையின் மேல் ஊன்றி, மறுமுனையை மட்டும் அசையுங்கள். துருத்தியின் மடிப்புகள் தொடையில் உரசக் கூடாது, உரசினால் தோல் தேயும். ஆங்கிலோவில் வலது கட்டைவிரலுக்கு ஒரு காற்றுப் பொத்தான் இருக்கும். தொடக்கத்தில் எல்லோரும் அதை மறந்து, பாட்டின் நடுவில் துருத்தி முழுவதும் விரிந்து நிற்க, விழித்துக்கொண்டிருப்போம். இங்கிலீஷில் வேறு தொல்லை: பாரம் கட்டைவிரலில் இறங்கும். முதல் மாதம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஆசிரியர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை, நான் அப்படித்தான் கற்றேன். ஏற்கெனவே மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மெட்டுகளிலிருந்து தொடங்குங்கள். தெரியாத பாட்டையும் தெரியாத கருவியையும் ஒரே நேரத்தில் மேய்ப்பது கடினம். வாசிக்கும்போது பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்பதால், நான் இரவில் விளக்கை அணைத்துவிட்டே வாசிப்பேன். விரல் தேடுவதை நிறுத்திவிட்டுக் காது தேடத் தொடங்கும். கருவி கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், சத்தம் சுவரைத் தாண்டும். மெதுவாக வாசிக்க ஒரே வழி துருத்தியை மென்மையாக அசைப்பதுதான். பக்கத்து அறையில் தூங்குபவருக்காக அப்படி வாசிக்கப் போய்த்தான், நீண்ட ஸ்வரத்தை நடுங்காமல் பிடிக்க எனக்கு வந்தது.

ஒருநாள் என் இங்கிலீஷில் நடு ச ஒலிக்காமல் போயிற்று. தள்ளினால் வருகிறது, இழுத்தால் மௌனம். பதறாமல் ஒரு பக்கத்தின் ஆறு திருகுகளையும் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று தாளில் வரைந்து அதன் மேலேயே வைத்தேன். பலகையைத் தூக்கினால் உள்ளே பித்தளைச் சட்டங்கள் சக்கரத்தின் ஆரங்கள்போல அடுக்கியிருந்தன. குறிப்பிட்ட நாக்கைக் கண்டுபிடித்து, மெல்லிய தாள் துண்டு ஒன்றை அதன் அடியில் மெதுவாகச் செருகி இழுத்தேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஒரு நூலிழை தாளில் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி பூட்டி, இழுத்தேன். அன்று மாலை அந்த ஒரே ஸ்வரத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று என் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.