எரிந்தது எந்த லயம்?

கேள்வி: 1977 ஓகஸ்டில் எனக்கு ஆறு வயது. மலையகத் தோட்டமொன்றில் இருந்தோம். தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடு, எரிந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அக்காவோ, "எரிந்தது கீழ் லயம், நீ சின்னப்பிள்ளை" என்கிறார். பிறகு வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரம் வந்து காடு வெட்டிக் குடியேறினோம். இன்றும் குப்பை எரியும் மணம் வந்தால் கை நடுங்குகிறது. "முள்ளிவாய்க்காலையே பார்த்தாச்சு, எழுபத்தேழை ஏனம்மா கிளறுறீங்கள்?" என்கிறாள் மகள். நான் நினைத்துக்கொண்டிருப்பது பொய்யா?
— ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: பொய்யில்லை, சகோதரி.

தேயிலைச் செடிக்குள் படுத்திருந்தபோது அம்மா உங்கள் வாயைப் பொத்தினார், அந்தக் கையில் பச்சைக் கொழுந்து மணத்தது என்று, இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் கடிதத்தின் நடுவே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் பிடித்தது. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், அதாவது அறைகள். இருட்டில் செடிக்குள் கிடந்து வெளிச்சத்தை மட்டும் பார்த்த ஆறு வயதுப் பிள்ளைக்கு, எரிவது எந்தக் கூரை என்று எப்படித் தெரியும்? இடமும் வரிசையும் மாறிப்போகலாம். பயமும் மணமும் அப்படியே தங்கிவிடும். அக்கா வளர்ந்த பிள்ளை, அவருக்கு இடம் தெரிந்திருக்கும். அவரிடம் "எரிந்ததா, இல்லையா" என்று வாதாடாதீர்கள். "விடிந்ததும் எங்களை யார் கூட்டிப்போனது?" என்று கேளுங்கள்.

அந்தக் கலவரம் பற்றி அரசு நியமித்த சன்சோனி ஆணைக்குழு விசாரித்து 1980இல் அறிக்கையே கொடுத்தது. நீங்கள் கனவு கண்டுவிட்டுச் சொல்லவில்லை.

மகள் சொல்வதும் எனக்கு விளங்குகிறது. 2009இல் முள்ளிவாய்க்காலைக் கண்டவர்களுக்கு மற்றதெல்லாம் சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரே ஆயுளில் இரண்டையும் பார்த்தவர் நீங்கள். அடிபட்டு வந்த இடத்திலும் "தோட்டக்காட்டார்" என்று ஒதுக்கப்பட்டவர்கள் வன்னியில் நிறையப் பேர். உங்களுக்கும் அது நடந்திருந்தால், இத்தனை காலம் வாய் திறக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அதையும் மகளிடம் மறைக்க வேண்டாம்.

புகை மணந்து கை நடுங்கினால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்து, "இது கிளிநொச்சி, இது என் வீடு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நித்திரையும் கெடுகிறது என்றால், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், வெட்கப்படாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தும் பேசலாம்.

அப்புறம், இரவில் இந்தக் கதையைத் தொடங்காதீர்கள். ஒரு பகலில் மகளையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். கொஞ்சம் அக்கா சொல்லட்டும், கொஞ்சம் நீங்கள் சொல்லுங்கள். முரண்படும் இடங்களில் ஒருவரையொருவர் திருத்த வேண்டாம். ஒரு கொப்பியில் இரண்டையும் அப்படியே எழுதச் சொல்லி மகளிடம் கொடுங்கள். அம்மாவின் கை மணத்ததை முதலில் எழுதட்டும்.