பேட்டரி ஆய்வகத்துக்குத் தலைமை: முதல் மாதம் என்ன செய்வது?

காரைக்குடியில் மின்வாகன பேட்டரி ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்கப் போகிறேன், ஊழியர்கள் எல்லாம் மூத்தவர்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

புதிய கருவி வாங்கும் கோப்பை முதல் மாதம் தொடவே வேண்டாம். சோதனை அறைக்குள் போய் நில்லுங்கள். வெப்ப உணரி செல்லின் மேல் ஒட்டியிருக்கிறதா, காற்றில் தொங்குகிறதா? தொங்கினால் பழைய வெப்பநிலைப் பதிவுகளை நம்பாதீர்கள். இருசக்கர வாகன பேட்டரிக்கான ஏஐஎஸ்-156 விதியில் 2022இல் வந்த திருத்தம் வெப்பப் பரவல் சோதனையையும் கேட்கிறது; அதாவது, ஒரு செல் மிகையாகச் சூடாகும்போது அது மற்ற செல்களுக்கும் பரவுகிறதா என்று பார்க்கும் சோதனை. ஆகவே புகைபோக்கியையும் அவசர வழியையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

மூத்த டெக்னீஷியனை "அண்ணே" என்று கூப்பிட்டு, பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இல்லாததையும் அவரே சொல்வார். வேதியியல் சிக்கல் வந்தால் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து உருவான சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உள்ளூரிலேயே இருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள்.