வானம் பார்த்த சட்டம்

அன்புள்ள ஐயா,

பிளேட்டோவின் ‘சட்டங்கள்’ படித்து வருகிறேன். கிரீட் தீவில் மூன்று கிழவர்கள் நடந்துகொண்டே ஒரு புது நகரத்துக்குச் சட்டம் பேசுகிறார்கள். நிலம், திருமணம், பள்ளிக்கூடம் என்று போய்க்கொண்டிருந்த பேச்சில் ஏழாம் புத்தகத்தில் (நூலின் ஏழாம் பகுதி) திடீரென்று கோள்கள் வந்துவிடுகின்றன. அரசியலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

செ.

அன்புள்ள செ.,

முதல் வாசிப்பில் எனக்கும் அந்த இடம் தடுக்கியது. கி.மு. 413ஐ நினைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. சிசிலித் தீவின் சிராகூஸ் நகரை முற்றுகையிட்டுச் சலித்த ஏதென்ஸ் படை ஊர் திரும்பக் கிளம்பும் நேரத்தில் சந்திர கிரகணம். குறிசொல்பவர்கள் மூன்று ஒன்பது நாள், அதாவது 27 நாள், பொறுக்கச் சொன்னார்கள். தளபதி நிக்கியாஸ் பொறுத்தார். படையே அழிந்தது. இத்தனைக்கும் கிரகணம் ஏன் வருகிறது என்று தத்துவ ஞானி அனக்சகோரஸ் முன்பே விளக்கியிருந்தார். ஆனால் சூரியனைப் பழுக்கக் காய்ந்த கல் என்றவர் அவர். அதற்காக வழக்கு போட்டார்கள் என்கின்றன பழைய நூல்கள். வானத்தை ஆராய்கிறவன் நாத்திகனாகிவிடுவான் என்பதுதான் ஊர்ப் பேச்சு.

பிளேட்டோ அந்தப் பேச்சைத் தலைகீழாகத் திருப்புகிறார். கிரேக்க மொழியில் கோளுக்குப் பெயரே ‘அலைவது’. அப்படிச் சொல்வதுதான் தெய்வ நிந்தனை என்கிறார். ஒவ்வொன்றும் ஒரே பாதையில்தான் போகிறது. தடுமாற்றம் நம் கண்ணில். இவ்வளவு பிசகாத ஒழுங்கை ஓர் அறிவுதான் நடத்த முடியும், சட்டமும் அந்த அறிவின் வழிவந்தது. எனவே கடைசிப் புத்தகத்தில், கருக்கலில் கூடி வெயில் ஏறும்வரை பேசுகிற, நகரத்தின் சட்டங்களைக் காக்கும் சபைக்கு வானியல் கட்டாயப் பாடம். (‘குடியரசு’ நூலில் வானத்தை அண்ணாந்து பார்ப்பதை, கூரை அலங்காரத்தை வாய் பிளந்து பார்ப்பதோடு சேர்த்துக் கேலி செய்ததும் இவர்தான்.)

சரி, எனக்கு உறுத்துவது பத்தாம் புத்தகம். தெய்வம் இல்லை என்கிறவன் குணத்தில் நல்லவனாக இருந்தாலும் குறைந்தது 5 வருடம் சிறை. அந்தச் சபைக்காரர்கள் மட்டும் போய்ப் புத்தி சொல்லலாம். வெளியே வந்து மறுபடி அகப்பட்டால் மரணம். கி.மு. 399இல் இதே தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டில் ஆசிரியர் சாக்ரடீஸை நஞ்சுக்குப் பறிகொடுத்தவர் எழுதிய சட்டம் இது! தெய்வத்தின் அறிவுக்கு வானத்தில் சாட்சி கிடைத்துவிட்டதால் மறுப்பவனைப் பொறுக்க முடியவில்லையோ என்று தோன்றுகிறது.

நீங்கள் இன்னும் அங்கே வரவில்லை. வந்ததும் எழுதுங்கள்.