யாரைக் கேட்டுக் கையெழுத்து?

அன்புள்ள ஐயா,

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை மாற்றிய லிஸ்பன் ஒப்பந்தத்தை அயர்லாந்து மக்கள் 2008இல் நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டே மறுபடி வாக்கெடுப்பு நடத்திச் சம்மதம் வாங்கிவிட்டார்கள். இது மோசடி இல்லையா? வக்கீல்களுக்கே தலை சுற்றும் ஒப்பந்தத்தைச் சாதாரண மக்களிடம் ஏன் கொடுக்க வேண்டும்? பிரான்ஸைப் போலப் பாராளுமன்றத்திலேயே முடித்திருக்கலாமே. அதுதானே பக்குவம்?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாக ரேமண்ட் குராட்டி என்ற அயர்லாந்து விவசாயியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

மோசடி என்கிறீர்கள். முதல் முறை 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதனால்தான் ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர் என்பது நிலைத்தது. ராணுவ நடுநிலை, வரி ஆகியவற்றில் உறுதிமொழியும் கிடைத்தது. பிறகு 67 சதவீதம் சம்மதம். பேரம் பேசிப் படிந்ததை மோசடி என்பானேன்? விடுங்கள்.

ஆனால் சாதாரண மக்களுக்குப் புரியாது என்றீர்களே, அதைப் படித்ததும் சுள்ளென்று வந்தது. என் பெரியப்பா கைநாட்டு. நிலம் வாங்கும்போது பத்திரம் எழுதுபவரை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். பாதி அவருக்குப் புரியாது. கடைசியில் மூன்றே கேள்வி: வாய்க்கால் தண்ணீர் யாருக்கு, வண்டிப் பாதை எந்தப் பக்கம், வரப்பில் நிற்கும் புளியமரம் யாருடையது? பதில் சரியாக வராமல் மையில் விரல் வைக்க மாட்டார். அயர்லாந்துக்காரர்களும் எங்கள் ஆணையர், எங்கள் நடுநிலை, எங்கள் வரி என்றுதான் கேட்டார்கள். இதற்குமேல் என்ன புரிய வேண்டும்?

அப்புறம், ஒப்பந்தத்துக்கு வாக்களிக்கும் இந்த உரிமையை அங்கே எந்த அரசும் தானாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. குராட்டி கில்கென்னியில் விவசாயம் பார்த்தவர், பொருளாதாரமும் படித்தவர். 1986இல் ‘ஒற்றை ஐரோப்பியச் சட்டம்’ என்ற ஒப்பந்தம் அயர்லாந்துப் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. ஏற்புப் பத்திரத்தை ஒப்படைப்பதுதான் பாக்கி. இவர் நீதிமன்றம் போனார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தடை உத்தரவு வந்தது. 1987 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வரவேண்டிய ஒப்பந்தம் ஜூலை 1 வரை தள்ளிப்போயிற்று. அன்றைய ஐரோப்பியச் சமூகத்தின் பன்னிரண்டு நாடுகளும் ஒரு விவசாயிக்காகக் காத்திருந்தன!

வெளியுறவில் சொந்தமாக முடிவெடுக்கும் சுதந்திரத்தை அரசாங்கம் தன்னிஷ்டத்துக்குக் கட்டிப்போட முடியாது. அதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். திருத்த மக்களைக் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இப்படித் தீர்ப்பளித்தது. அந்த மே மாதமே வாக்கெடுப்பு. எழுபது சதவீதம் போல ஆதரவு. குராட்டி வழக்கில் ஜெயித்தார், வாக்கில் தோற்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான். மாஸ்ட்ரிக்ட், ஆம்ஸ்டர்டாம், நீஸ், லிஸ்பன் என்று அதற்குப் பிறகு வந்த பெரிய ஐரோப்பிய ஒப்பந்தங்களுக்கெல்லாம் மக்களைக் கேட்டார்கள்.

உங்கள் பிரான்ஸ் என்ன செய்தது? 448 பிரிவுகள் கொண்ட ஐரோப்பிய அரசியல் சட்ட ஒப்பந்தத்தை 2005 மே மாதம் 55 சதவீதம் பேர் தள்ளினார்கள். அதன் சாரத்தில் பெரும்பகுதி லிஸ்பனுக்குள் வந்ததும், 2008 பிப்ரவரியில் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் வெர்சாயில் கூடி அரசியல் சட்டத்தைத் திருத்தி, பாராளுமன்றத்தை வைத்தே ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் இதைப் பக்குவம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நன்றாக வாசிக்கிற ஆள் நீங்கள். அதனால்தான் இவ்வளவு திட்டு. குராட்டி வழக்கின் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். மாறுபட்ட இரண்டு நீதிபதிகள் எழுதியதையும் விடாதீர்கள்; உங்கள் கட்சிக்காரர்கள் அவர்கள்தான், உங்களைவிட நன்றாக வாதாடியிருக்கிறார்கள்.